பூங்கா மூடிய பிறகு உள்ளே என்ன வேலை? பருவ முடிவுப் பணிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுத் தோட்டம் ஒன்றில் பாத்தி வேலை பார்ப்பவன் நான். பூக்காலம் முடிந்து பாதி இடத்துக்குக் கயிறு கட்டியதும், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று மக்கள் கேட்கும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றேதான். கையில் தள்ளுவண்டியோடு அரைகுறையாகச் சொல்லிவிட்டு நகரும் பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன்.

பூ முடிந்துவிட்டது, சரி. அதற்காகப் பாதித் தோட்டத்தை மூட வேண்டுமா?

மூடுவது மண்ணுக்காக. வீட்டுத் தோட்டத்தில் செடிக்கு எதிரி பூச்சி என்றால், பொதுத் தோட்டத்தில் எதிரி செருப்பு. நல்ல தோட்ட மண்ணில் கனஅளவில் பாதிக்கு அருகே வெறும் இடைவெளிதான். அதில்தான் காற்றும் நீரும் இருக்கின்றன. ஒரு பருவம் முழுக்கக் கூட்டம் மிதித்தால் அந்த இடைவெளிகளில் பெரியவை முதலில் நசுங்கிவிடும். அப்புறம் மழை பெய்தால் உள்ளே இறங்காது, மேலேயே தேங்கும். வேருக்கு மூச்சு முட்டும். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. மண்ணைத் தளர்த்தி, கொஞ்ச நாள் யாரும் மிதிக்காமல் விட வேண்டும். கயிறு அதற்குத்தான்.

பருவ முடிவு என்பது எந்த மாதம்?

மாதக் கணக்கில் சொல்ல முடியாது. குளிர் நாடுகளில் முதல் உறைபனி அடித்து டாலியா இலை கறுத்துப்போகும் நாள்தான் முடிவு. மழை நாடுகளில் அடைமழை தொடங்குவதற்கு முந்தைய வாரங்கள். வறண்ட இடங்களில் கோடை தலைக்கு மேல் ஏறும் நேரம். எங்கே இருந்தாலும் அடையாளம் ஒன்றே: செடி புதுமொட்டு வைப்பதை நிறுத்திவிட்டு விதையிலோ கிழங்கிலோ சத்தைச் சேர்க்க ஆரம்பித்திருக்கும். நாட்காட்டியைப் பார்த்து வேலை தொடங்குகிறவர் பாதி ஆண்டுகளில் ஒரு வாரம் முந்துவார், மீதி ஆண்டுகளில் ஒரு வாரம் பிந்துவார்.

இன்னும் நாலைந்து பூ இருக்கும்போதே செடியைப் பிடுங்குகிறீர்களே, மனசு வருகிறதா?

வராதுதான். ஆனால் ஒரு பருவச் செடிகளில் கடைசிப் பூ உதிரும்வரை காத்திருந்தால் அடுத்த நடவுக்கு மண் தயாராக நாள் இருக்காது. பாத்தி முழுவதையும் ஒரே நாளில் காலி செய்வதும் இல்லை. நோய் கண்ட செடிகள் முதலில் வேரோடு போகும், அவை மட்கு குழிக்குள் நுழையவே கூடாது. நலமான செடிகளைத் தரையோடு அறுத்து, வேரை மண்ணிலேயே விட்டுவிடுகிறோம். அது மட்கிப்போனால் மண்ணுக்குள் நீரும் காற்றும் போக வழி கிடைக்கும்.

ஒரு பக்கம் பிடுங்குகிறீர்கள், இன்னொரு பக்கம் காய்ந்த தண்டுகளை அப்படியே விட்டிருக்கிறீர்கள். ஆள் பற்றாக்குறையா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கோபத்தோடு பதில் சொன்ன காலம் உண்டு. ஆள் பற்றாக்குறையும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தண்டுகள் வேண்டுமென்றே விட்டவை. தேனீ என்றதும் கூடு கட்டி கூட்டமாக வாழும் தேனீதான் நினைவுக்கு வரும். உலகத்தில் உள்ள தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை; சுமார் எழுபது சதவீதம் தரைக்குள் வளை தோண்டும், மீதியில் பல உள்ளீடற்ற தண்டுகளிலும் மரத் துளைகளிலும் முட்டையிடும். நாங்கள் தண்டை முழங்கால் உயரத்துக்கு வெட்டி நிறுத்துகிறோம். அடுத்த பருவத்தில் புதுத்தழை வந்து அதை மறைத்துவிடும். விதைத்தலைகள் சிட்டுகளுக்கும் ஆகும்.

பார்வைக்கு நன்றாக இல்லை என்பவர்களுக்காக ஒரு தந்திரம்: பாதையோரத்தில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் சுத்தமாக வெட்டிவிடுவோம். ஓரம் சீராக இருந்தால் உள்ளே இருப்பது திட்டமிட்டு விட்டதாகத் தெரியும். ஓரமும் கோணலாக இருந்தால் மொத்தமும் கவனிப்பாரற்றுக் கிடப்பதாகத் தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

உதிர்ந்த இலையை அள்ளுவதா, விடுவதா?

இடத்தைப் பொறுத்தது. மரத்தடியிலும் புதர்களுக்கு அடியிலும் விடுவோம், அது மரத்தின் சொந்தச் சொத்து. புல்தரையில் கனமாகப் படிந்தால் புல் வெளிச்சமின்றி வெளுத்துவிடும். அங்கே வாருவோம், அல்லது புல்வெட்டும் இயந்திரத்தை மேலே ஓட்டிப் பொடியாக்குவோம். குளத்தில் விழுந்தவை அடியில் அழுகி நீரின் உயிர்க்காற்றைத் தின்னும், அதனால் இலை உதிர்வதற்கு முன்பே வலை கட்டுவோம். ரோஜாப் பாத்தியில் மட்டும் ஒரு இலைகூட விட மாட்டோம். கரும்புள்ளி நோயின் பூஞ்சணம் உதிர்ந்த இலையில் தங்கி, அடுத்த பருவத்து முதல் தூறலில் மண்ணிலிருந்து தெறித்து மேலே ஏறும்.

பெரிய மரத்தடியில் இயந்திரத்தை வைத்து மண்ணுக்குள் காற்று அடிக்கிறீர்களே, அது எதற்கு?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. இதன் பின்னால் ஒரு புயல் இருக்கிறது.

லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் 1798-இல் நட்ட ஓக் மரம் ஒன்று உண்டு, டர்னர் ஓக் என்பார்கள். 1980-களில் அது மெலிந்து, தழை குறைந்து, போய்விடும் நிலையில் இருந்தது. 1987 அக்டோபரில் இங்கிலாந்தின் தெற்கைப் புரட்டிப்போட்ட பெரும்புயலில் கியூவில் மட்டும் சுமார் 700 மரங்கள் விழுந்தன. இந்த ஓக்கைக் காற்று வேர்த்தட்டோடு தூக்கி, விழவிடாமல், அதே குழியில் திரும்ப உட்கார வைத்துவிட்டது. அடுத்து வெட்டவேண்டிய மரம் என்று நினைத்து, முட்டுக் கொடுத்துவிட்டு மற்ற மரங்களைக் கவனிக்கப் போனார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் மரம் செழித்து நிற்கிறது! பல தலைமுறை பார்வையாளர்கள் நிழலுக்கு ஒதுங்கி மிதித்து மிதித்து இறுக்கிய மண்ணைப் புயல் ஒரே உலுக்கில் தளர்த்திவிட்டிருந்தது. மரத்துக்கு இருந்த நோய் அதுதான்.

அதற்குப் பிறகு அழுத்தக் காற்றைச் செலுத்தி வேரடி மண்ணைத் தளர்த்துவது மரப் பராமரிப்பில் ஒரு முறையாகவே ஆகிவிட்டது. மண்வெட்டியால் கொத்தினால் வேர் அறுபடும். காற்று வேரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பிளக்கும். தளர்த்திய பிறகு மட்கு உரமும் மரச்சில்லு மூடாக்கும் போடுவோம். மூடாக்கு ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் தடிமன் போதும். தண்டைத் தொடக் கூடாது. அடிமரத்தைச் சுற்றிக் கோபுரம் போலக் குவித்து வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன், பட்டை ஈரத்திலேயே ஊறி அழுகும். மரத்தைச் சுற்றி வட்டமாக, நடுவில் பள்ளமாக, பெரிய தட்டு மாதிரி இருக்க வேண்டும்.

அப்படித் தளர்த்திய இடத்தில் மறுவாரமே கூட்டத்தை விட்டால் எல்லாம் வீண். அதனால்தான் சில மரங்களுக்கு அடியில் இருந்த பெஞ்சுகள் இப்போது பத்தடி தள்ளிப் போயிருக்கின்றன. நிழல் கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புல்தரை முழுக்க விரல் பருமனில் மண்ணுருளைகள் கிடக்கின்றன. ஏதாவது விலங்கின் வேலையா?

எங்கள் வேலைதான். உள்ளீடற்ற முட்கள் கொண்ட இயந்திரம் ஏழு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணைக் குழாய்குழாயாகப் பிடுங்கி மேலே போடும். வெறும் ஆணியால் குத்தினால் ஓட்டை விழும், ஆனால் அதன் சுற்றுச்சுவர் இன்னும் இறுகிவிடும். மண்ணை வெளியே எடுத்தால்தான் உள்ளே இடம் பிறக்கும். ஓட்டைகளில் சலித்த மட்கும் மணலும் கலந்து பெருக்கித் தள்ளுவோம். அந்த உருளைகள் இரண்டு மழையில் கரைந்துவிடும். புல் வளர்ந்துகொண்டிருக்கும் காலத்திலேயே இதை முடிக்க வேண்டும், தூங்கும் புல்லில் ஓட்டை போட்டால் ஆறாது.

பாத்தியை எப்போது கொத்துவது? களிமண்ணில் மணல் சேர்த்தால் சரியாகுமா?

முதல் கேள்விக்கு விடை உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது. ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்து, கட்டைவிரலால் அழுத்துங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் பதம் சரி. அமுங்கி, பளபளப்பாக விரல் அச்சு விழுந்தால் ஈரம் அதிகம், கொத்தாதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், திட்டப்படி முடிக்க வேண்டுமென்ற அவசரத்தில் மழை விட்ட மறுநாளே ஒரு நீளப் பாத்தியைக் கொத்தினேன். அது காய்ந்ததும் செங்கல் செங்கல்லாக எழும்பியது. அந்தக் கட்டிகளை உடைத்தே அடுத்த பருவம் பாதி போனது. இப்போது அந்த அவசரம் இல்லை. பல பாத்திகளைக் கொத்துவதே இல்லை. மேலே மட்கு உரத்தைப் பரப்பிவிட்டால் மண்புழு இழுத்துக்கொண்டு போகும்.

களிமண்ணில் மணல்: கொஞ்சமாகச் சேர்த்தால் நிலைமை மோசமாகும், மணலின் இடைவெளியை எல்லாம் களி அடைத்துக்கொண்டு காரை மாதிரி இறுகும். பலன் தெரிய வேண்டுமானால் மண்ணில் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும், அது வேறு மண் வாங்குவதற்குச் சமம். மட்கு உரமே போதும்.

சுண்ணாம்பு சேர்ப்பதற்கு மட்டும் பருவ முடிவுதான் சரியான நேரம். அது மண்ணின் புளிப்பைக் குறைக்க மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். மண் பரிசோதனை செய்யாமல் போடாதீர்கள். பச்சைச் சாணத்தோடு சேர்த்தும் போடாதீர்கள், தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகிப் பறந்துவிடும்.

கவாத்து செய்து கிளை வெட்டிய இடத்தில் மருந்து பூசாமல் விட்டிருக்கிறீர்களே?

வேண்டுமென்றேதான். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷிகோ பல்லாயிரம் மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்தவர். மரத்தில் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள்ளேயே தடுப்புச்சுவர் எழுப்பி அதை அடைத்துவிடுகிறது என்று 1970-களில் காட்டினார். தாரோ சாயமோ பூசினாலும் அழுகல் நிற்காது.

வெட்டும் இடம்தான் முக்கியம். கிளை தண்டோடு சேருமிடத்தில் கழுத்துப்பட்டை போல ஒரு புடைப்பு இருக்கும். அதை விட்டுவிட்டு, அதற்கு வெளியே ஒட்டி வெட்ட வேண்டும். தண்டோடு மழுக்கி வெட்டினால் தடுப்புச்சுவர் எழும்ப வேண்டிய இடமே போய்விடும். முளை போல நீட்டிவிட்டாலும் அந்த முளை செத்து, அழுகல் உள்ளே இறங்கும். கனமான கிளைக்கு மூன்று வெட்டு: கொஞ்சம் தள்ளி அடியிலிருந்து பாதி, அதற்கு வெளியே மேலிருந்து முழுசாக, கடைசியில் மிச்சத்தைக் கழுத்துக்கு வெளியே. முதல் வெட்டை விட்டுவிட்டால் கிளை விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும். ஒரு செடியிலிருந்து அடுத்ததுக்குப் போகும் முன் கத்தரியை எழுபது சதவீத ஆல்கஹால் கரைசலில் துடைக்கிறோம். பிளீச்சும் கிருமியைக் கொல்லும், ஆனால் இரும்பை அரிக்கும்.

பருவ முடிவில் தழைச்சத்து உரம் போடுவதும், பச்சை மரத்தைப் பலமாகக் கவாத்து செய்வதும் இளந்தளிரைக் கிளப்பிவிடும். அந்தத் தளிர் முற்றுவதற்குள் குளிரோ வறட்சியோ வந்து கருகிவிடும். காய்ந்ததையும் நோயுற்றதையும் மட்டும் இப்போது எடுங்கள்.

டாலியாக் கிழங்கு எடுக்கும்போது ஏன் இவ்வளவு ஜாக்கிரதை?

கழுத்து ஒடிந்தால் கிழங்கு செத்த மாதிரிதான். உருளைக்கிழங்கில் உடம்பெல்லாம் கண் இருக்கும். டாலியாவில் முளைக்கண் தண்டின் அடித்தட்டில் மட்டும்தான் உண்டு. எவ்வளவு கொழுத்த கிழங்காக இருந்தாலும் அடித்தட்டில் ஒரு துண்டு ஒட்டியிராவிட்டால் முளைக்காது.

தழை பட்ட பிறகு தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, சுற்றிலும் ஓரடி தள்ளி முள்கரண்டியை இறக்கிக் கொத்தோடு கிளப்புவோம். தண்டு உள்ளீடற்றது, அதில் நீர் நின்றால் அடித்தட்டு அழுகும். அதனால் தலைகீழாகக் கவிழ்த்து ஓரிரு வாரம் நிழலில் வடியவிடுவோம். பிறகு உலர்ந்த மணலிலோ நார்த்தூளிலோ புதைத்து ஐந்து முதல் பத்து டிகிரி குளிர்ச்சியில் வைப்பு. மாதம் ஒருமுறை கைவிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று அழுகினால் அருகில் உள்ளதும் போகும். உறைபனி இல்லாத, நீர் தேங்காத மண் என்றால் எடுக்கவே வேண்டாம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து நட்டால் போதும். கேனா என்ற கல்வாழையும் அப்படியே.

ஒரு முறை இரண்டு தட்டுகளின் பெயர்ச்சீட்டு நனைந்து எழுத்து அழிந்துபோய், அடுத்த பருவம் வெள்ளைப் பாத்தியின் நடுவே இரத்தச் சிவப்பாக ஏழெட்டு பூ பூத்தது. பார்வையாளர்கள் பாராட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து சீட்டு பென்சிலில்தான். மை வெளுக்கும், பென்சில் எழுத்து நிற்கும்.

சேகரிக்கும் விதைகளை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம்?

விதையின் ஈரத்தைப் பொறுத்தது. தோராயமான பழைய விதி ஒன்று உண்டு: விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், சேமிக்கும் வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும். ஆகவே முதலில் உலர்த்தல், அப்புறம் காற்றுப் புகாத டப்பா, அப்புறம் குளிர். வெயிலில் காயவைக்காதீர்கள், நிழலில் காற்றாட விடுங்கள். இந்த விதி மா, பலா, ரப்பர், கொக்கோ போன்றவற்றுக்குப் பொருந்தாது. அவற்றின் விதை காய்ந்தால் செத்துவிடும். பறித்த கையோடு நட வேண்டியதுதான்.

மட்கு குவியலிலிருந்து புகை வருகிறது, தீப்பிடித்துவிடாதா?

அது நீராவி. உள்ளே நுண்ணுயிர்கள் மும்முரமாக வேலை செய்கின்றன. பச்சைத்தழையும் காய்ந்த சருகும் சரியாகக் கலந்திருந்தால், அதாவது கரிமம் தழைச்சத்தைப்போல இருபத்தைந்து முப்பது மடங்கு இருந்தால், குவியல் நடுவில் 55 முதல் 65 டிகிரி வரை ஏறும். அந்தச் சூடு சில நாள் நீடித்தால் பெரும்பாலான களைவிதையும் நோய்க்கிருமியும் சாகும். ஓரத்தில் அந்தச் சூடு இருக்காது, அதனால் புரட்டிப் புரட்டி ஓரத்தை உள்ளே தள்ள வேண்டும். நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை, சூடே ஏறாவிட்டால் ஈரமோ பச்சையோ போதவில்லை.

பாதைகளில் சாக்பீஸ் வட்டங்கள் எதற்கு?

மழை விட்ட பத்து நிமிடத்தில் ஒரு ஆள் சாக்பீஸோடு ஓடுவார். எங்கெல்லாம் நீர் நிற்கிறதோ அங்கெல்லாம் வட்டம். வெயில் வந்ததும் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, வட்டம் தெரியும். மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் வாட்டம் இருந்தால் நீர் ஓடிவிடும். அதற்கு மேல் பக்கவாட்டில் சாய்த்தால் சக்கர நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கும்.

இந்த முறை முக்கிய மேம்பாடு பாதையில்தான். ஏற்றங்களை இருபதுக்கு ஒன்று, அதாவது இருபதடி நீளத்துக்கு ஓரடி உயரம் என்ற சாய்வுக்கு நீட்டுகிறோம். பன்னிரண்டுக்கு ஒன்று வரை சாய்தளம் போடலாம் என்பது வழக்கத்தில் உள்ள வரம்பு, ஆனால் நாற்காலியைக் கையால் உருட்டுகிறவருக்கு அது மலை. இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும். கூழாங்கல் பாவிய பகுதி அழகாக இருந்தது, எடுத்துவிட்டோம். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு அதில் ஒருமுறை நடந்தவர்கள் வருத்தப்பட மாட்டார்கள்.

புல்லில் மக்கள் போட்ட குறுக்குவழியை ஏன் வேலி போட்டுத் தடுக்கவில்லை?

தடுத்துப் பார்த்தோம். வேலிக்குப் பக்கத்தில் இரண்டாவது குறுக்குவழி உருவானது. மூன்று பருவம் ஒரே இடத்தில் தடம் விழுந்தால், பாதையைத் தப்பாகப் போட்டது நாங்கள்தான் என்று பொருள். அந்தத் தடத்திலேயே இப்போது நடைபாதை வருகிறது.

பெயர்ப்பலகைகளை எல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டீர்களே?

கணக்கெடுப்பு நடக்கிறது. பலகையின் மூலையில் உள்ள எண்தான் செடியின் பிறப்புச் சான்றிதழ். பெரும்பாலும் முதல் நான்கு இலக்கம் அது தோட்டத்துக்கு வந்த ஆண்டு. பதிவேட்டில் இருந்து தரையில் இல்லாதவை, தரையில் இருந்து பதிவேட்டில் இல்லாதவை என்று ஒவ்வொரு ஆண்டும் இரண்டு பட்டியல் கிடைக்கும். இரண்டாவது பட்டியலில் பறவைகளின் பங்கும் உண்டு, நல்ல மனதோடு யாரோ நட்டுவிட்டுப் போனதும் உண்டு. தயவுசெய்து வீட்டுச் செடியைக் கொண்டுவந்து இங்கே நடாதீர்கள். நோய் வரும் வழி பெரும்பாலும் தொட்டி மண்தான்.

குழாய், பெஞ்சு இதெல்லாம்?

சொட்டுநீர்க் குழாயின் கடைசி மூடியைத் திறந்து சேறு போகும்வரை கழுவுகிறோம். உறைபனி வரும் இடமென்றால் நீரை முழுவதும் வடிக்கிறார்கள், இல்லாவிட்டால் குழாய் வெடிக்கும். பெஞ்சில் ஆட்டம் கொடுக்கும் போல்ட்டை முடுக்கி, மண்ணைத் தொடும் காலுக்கு அடியில் கல் வைக்கிறோம்.

வேலைக்கு உதவ வரலாமா?

வாருங்கள். இலை வார, விதை சலிக்க, சீட்டு எழுத ஆள் எப்போதும் போதாது. கவாத்துக் கத்தரியை முதல் நாளே கையில் தர மாட்டோம். பழைய ஷூ, தடித்த கையுறை, தண்ணீர் பாட்டில் போதும்.

சரி, எப்போது திறப்பீர்கள்?

கயிற்றுக்கு உள்ளே குதிகாலை ஊன்றிப் பார்ப்போம். தடம் ஆழமாகப் பதிந்து நீர் கசிந்தால் இன்னும் இல்லை. லேசாக அமுங்கி, காலை எடுத்ததும் புல் நிமிர்ந்தால் அன்று மாலையே கயிற்றை அவிழ்த்துவிடுவோம்.